மூன்று ஆன்டிவைரஸ்

என் மகாராணிக்கு,

கம்ப்யூட்டரைக் காணோமென்று அலறாதே. நான்தான் தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போகிறேன். காவல் பலமாக இருக்கட்டுமென்று மூன்று ஆன்டிவைரஸ் போட்டேன். மூன்றும் ஒன்றையொன்று திருடனென்று பிடித்து உலகப்போரே நடத்திவிட்டன. திரை இருண்டுவிட்டது. கடைக்காரருக்குப் போன் செய்தால், "ஒண்ணு போதும் சார்! ஒரே பொண்ணுக்கு மூணு மாப்பிள்ளையா பார்ப்பீங்க?" என்று சிரிக்கிறார். நாளை நீ பதிப்பகத்துக்கு அனுப்பவேண்டிய முந்நூறு பக்கமும் அதற்குள்ளே! எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், முதலில் சாப்பிடு.

பி.கு.: பென்டிரைவில் நகல் எடுத்துவிட்டேன் என்று போன வாரம் சத்தியம் செய்தேனே, எடுக்கவில்லை. நேரில் சொல்லத் தைரியமில்லை. நீ குளித்து முடிப்பதற்குள் ஓடுகிறேன். திரும்பி வந்தால் கதவைத் திற, தாயே.