வாசலில் வேப்பிலை

சத்யா,

எழுந்ததும் மணியைப் பார்த்துக் கத்தாதே. உன் அலாரத்தை அணைத்தது நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை, காய்ச்சலோடு, கடலூருக்கு பஸ் ஏறி 'ஆசிரியர் மனநலப் பயிற்சி'யில் உட்கார வேண்டுமாம்! வாரம் முழுக்கப் பிள்ளைகளின் மனசைத் தேற்றி நீ நூலாய்ப் போனதற்கு உன் பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளிக்கூடம் கண்டுபிடித்த மருந்து, இன்னொரு வகுப்பு. கப்பலேறி வந்த அறிவு! நேற்று ராத்திரி, "என் வேலைன்னாலே உங்களுக்குக் கேலிதான்பா" என்று அழுதாய். நான் கேலி செய்வது உன்னை வேலை வாங்குகிறவர்களை.

உன் பிரின்சிபால் போன் செய்தார். உனக்கு அம்மை போட்டிருக்கிறது, கண்ணிமையில்கூட இடம் பாக்கியில்லை என்றேன். "அய்யோ, வாரம் பூரா டீச்சருங்க எல்லாரும் அவுங்க பக்கத்துலதானே உக்காந்தாங்க!" என்று அலறிப் பயிற்சியையே ரத்து செய்துவிட்டார். இப்போது அத்தனை டீச்சர்களும் வீட்டில் தூங்குகிறார்கள். அந்தப் பள்ளி செய்த ஒரே மனநலச் சேவை, என் புண்ணியத்தில்!

வாசலில் வேப்பிலை செருகியிருக்கிறேன், எடுக்காதே. அடுப்பில் கஞ்சி இருக்கிறது. அம்மை வீட்டில் தாளிக்கக் கூடாது, அதனால் துவையலுக்குத் தாளிக்கவில்லை. பொய்யானாலும் முறை முறைதான். மாத்திரையும் இளநீரும் வாங்கி வருகிறேன்.

அம்மை என்றால் பல நாள் லீவு; உன்னிடம் மட்டும் வாய்விட்டு வாசிக்கிற உன் வகுப்புப் பையன் ஜாபிரை நினைத்துத் தவிப்பாய். அவன் அம்மாவிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டேன். உனக்குக் காய்ச்சல் விட்டதும் அவனை நம் வீட்டுக்கே அனுப்புகிறாராம்.

அப்பா

மறந்துவிட்டேன்: பள்ளியின் மனநல ஆலோசகர் போனில், "இப்ப எப்படி ஃபீல் பண்றீங்க?" என்று கேட்பார். "அரிக்குது" என்று சொல்.