ஆய்வகக் கதவில் ஒரு செப்புத் தகடு

என் மேசையில் உங்கள் தீப்பெட்டி திறந்து கிடக்கிறது. உள்ளே குச்சிகள் இல்லை. பஞ்சின் மேல் ஐந்து டிரான்சிஸ்டர்கள். மூடியில் உங்கள் கையெழுத்தில் 'செத்தவங்க' என்று எழுதியிருக்கிறது. நீங்கள் இருந்தவரை அதில் ஒன்றுதான் கிடந்தது. மற்ற நான்கையும் நீங்கள் போன பிறகு நான் சேர்த்தேன். அவை ஏன் செத்தன என்பது போன வெள்ளிக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது. அதைச் சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை.

ஒரே ஆய்வகத்தில் இத்தனை வருடம் இருந்தும் நாம் கடைசிவரை 'நீங்க' என்றே பேசிக்கொண்டோம். நான் பாடம் எடுக்கிறவள். நீங்கள் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறவர். இருவரும் பெண்கள், வயதும் ஏறக்குறைய ஒன்றுதான். முதல் நாள் நான் வழுவழுப்பான நைலான் சேலையில் வந்தேன். மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னீர்கள்: "இந்தச் சேலையோட எங்க ஊரு பட்டாசுக் கம்பெனிக்குப் போனீகன்னா, போர்மேன் கேட்டுலயே நிப்பாட்டிருவாரு டீச்சர்." எனக்குக் கோபம்தான் வந்தது.

அந்த வாரமே ஆய்வகத்தின் கதவு நிலையில் உள்ளங்கை அளவு செப்புத் தகடு ஒன்றை அறைந்து, அதிலிருந்து ஒரு கம்பியைத் தரைக்குள் இறக்கினீர்கள். பட்டாசுக் கம்பெனிகளில் ஒவ்வோர் அறை வாசலிலும் இருப்பது அது. அதில் கை வைத்து, நைலான் போன்ற துணி உரசி உடம்பில் சேர்ந்த மின்சாரத்தைப் பூமிக்கு விட்டுவிட்டுத்தான் வெடிமருந்தைத் தொடப் போக வேண்டும்.

"இங்கே என்ன வெடிக்கப் போகிறது?" என்று சிரித்தேன்.

"வெடிக்காது டீச்சர். சத்தமில்லாமச் சாகும். அது இன்னும் மோசம்."

நீங்கள் சொன்னது சரி. அந்த டிரான்சிஸ்டர்களுக்கு ஒரு விரல் நுனியின் மின்சாரம் போதும். நமக்குத் தெரியவே தெரியாது. அன்றைக்கு வேலை செய்யும். ஒரு வாரம் கழித்துத் தளர்ந்து போகும். இதெல்லாம் நான் புத்தகத்தில் படித்தது. உங்களுக்கோ அது பிறந்த வீட்டுப் பழக்கம்.

உங்கள் தங்கை வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் வெடிவிபத்து நடந்ததற்கு மறுநாள் நீங்கள் விடுப்பு எடுக்கவில்லை. வந்து, ஜன்னலோரம் நின்றுகொண்டு நடந்ததைச் சொன்னீர்கள். உள்ளே செல்போன் கூடாது. போர்மேன் கேட் வரை ஓடியிருக்கிறார். அங்கிருந்து போன் கிடைக்கவில்லை. கிடைத்தபோது ஆம்புலன்ஸ் பக்கத்துக் கம்பெனி வாசலில் போய் நின்றது. தங்கையின் இடது கை மெதுவாக ஆறியது. அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் அந்த ஓட்டம் முடியும்வரை தாங்கவில்லை.

"ஓடாமச் சொல்றதுக்கு ஒரு பொட்டி செய்யணும் டீச்சர்" என்றீர்கள்.

அப்படித் தொடங்கியதுதான் இந்த ஆம்ப்ளிஃபயர். மருந்து அறைகளுக்குத் தள்ளி, ஆபீஸ் சுவரில் மாட்டும் ஒரு வயர்லெஸ் பெட்டி. ஒரு அலைவரிசை கேட்டுக்கும் காவலாளிக்கும். இன்னொன்று ஊருக்குள் இருக்கும் உதவிக்கு. பலவீனமான சமிக்ஞையைப் பெரிதாக்கி அனுப்புவது ஆம்ப்ளிஃபயரின் வேலை. இரண்டு அலைவரிசைக்கு இரண்டு வைத்தால் சுலபம். ஆனால் சமிக்ஞையாக மாறாத சக்தியெல்லாம் சூடாக மாறும். மற்ற ஊர்களில் அது பேட்டரிக் கவலையோடு முடிந்துவிடும். உங்கள் ஊரில் சூடேறும் உலோகத்தைச் சுவரில் மாட்ட யாரும் சம்மதிக்க மாட்டார்கள். ஆகவே ஒரே டிரான்சிஸ்டர், இரண்டு அலைவரிசை, குறைந்த சூடு.

கணக்கு நான் போட்டேன். சுருள்களை நீங்கள் சுற்றினீர்கள். மருந்து உரித்த தீக்குச்சியால் சுற்றுகளை மயிரிழை மயிரிழையாக விலக்குவீர்கள். கீழ் அலைவரிசையைச் சரிசெய்தால் மேல் அலைவரிசை படுத்துவிடும். "நானும் தங்கச்சியும் ஒரே போர்வையில படுத்த மாதிரி இருக்கு டீச்சர். இவ இழுத்தா அவளுக்குக் குளிருது." மின்சாரம் கொடுக்கும் முன் கண்ணை மூடி, "ஆண்டவரே, இதாவது பிழைக்கட்டும்" என்பீர்கள். ஜெபத்துக்கும் மின்தடைக்கும் சம்பந்தமில்லை என்று நான் சொல்வேன். "சம்பந்தமில்லாட்டியும் கெடுதலா ஒண்ணும் பண்ணலையே" என்பீர்கள்.

தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, மேல் அலைவரிசை முதல்முறையாக நிமிர்ந்து நின்றது. "இன்னும் கொஞ்சந்தான். திங்கக்கெழம பாத்துருவோம்" என்று சொல்லிப் போனீர்கள். திங்கட்கிழமை ஆமத்தூரில் பஸ் ஏறினீர்கள். கல்லூரி நிறுத்தத்தில் நடத்துனர் எழுப்பியபோது நீங்கள் எழவில்லை. சத்தமில்லாமல்.

அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் விட்டுப்போன சுருளும் டிரான்சிஸ்டரும் எட்டு நாள் ஓடின. பிறகு மேல் அலைவரிசை தளர்ந்தது, அடுத்துக் கீழ். டிரான்சிஸ்டரை மாற்றினேன். அதுவும் போனது. மூன்றாவது, நான்காவது. கணக்கைப் பலமுறை திருப்பிப் போட்டேன். மின்வழங்கியைச் சந்தேகப்பட்டேன், பற்றவைத்த ஈயத்தைச் சந்தேகப்பட்டேன், கடைசியில் என்னையே. இந்தப் பெட்டியை உண்மையில் செய்தது நீங்கள்தான். நான் காகிதத்தை நிரப்பியவள் மட்டும் என்று தோன்ற ஆரம்பித்தது. பகலில் வகுப்பெடுத்துவிட்டு வந்து, உங்கள் நாற்காலியைப் பார்க்காதபடி திரும்பி உட்கார்ந்து வேலை செய்வேன். துறைத் தலைவர், "போதும் மேடம், முடிச்சுக்கலாம்" என்றார். முடித்துக்கொள்கிறேன் என்று கடிதமும் எழுதி வைத்திருந்தேன். கையில் ஒரே ஒரு டிரான்சிஸ்டர் மிச்சம்.

வெள்ளிக்கிழமை மதியம் உங்கள் தங்கை வந்தாள், அலமாரியில் இருந்த உங்கள் குடையையும் டிபன் பாக்ஸையும் வாங்கிப் போக. இன்னமும் அதே கம்பெனிக்குத்தான் போகிறாளாம். சீசன், லோடு நிறைய என்றாள். வாசலில் செருப்பைக் கழற்றியவள், யோசிக்காமலே தகட்டில் கை வைத்தாள். வைத்த கையை எடுத்து விரல்களைத் தேய்த்துப் பார்த்தாள்.

"என்னக்கா, தகட்டுக்குப் பெயிண்டு அடிச்சு வச்சிருக்கீக?"

எனக்கு உடனே புரியவில்லை.

"எங்க கம்பெனில இப்பிடி அடிச்சிருந்தா அம்புட்டுப் பேரையும் வெளிய வரச் சொல்லிருவாக. பெயிண்டு மேல தொட்டா தொடாத மாதிரிதானக்கா? எங்கக்கா இருந்திருந்தா கத்திருப்பா."

நீங்கள் போன மறுநாளே, பார்வையிட ஒரு குழு வருகிறது என்று கல்லூரி முழுக்கப் பெயிண்ட் அடித்தார்கள். கதவு, நிலை, தகடு, எல்லாம் ஒரே சாம்பல் நிறம். நான் அதன் பிறகும் தினமும் அதைத் தொட்டேன். நீங்கள் இருந்தபோது அவ்வளவு ஒழுங்காகத் தொட்டதில்லை. நீங்கள் போன பிறகு ஒரு நாளும் தவறவில்லை. உங்களை நினைத்துத் தொட்டேன். எது எதன் வழியே பாயும், எது தடுக்கும் என்று வருடாவருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள், ஒரு பூச்சின் மேல் கை வைத்துவிட்டுப் போய் நான்கையும் கொன்றேன். உங்கள் ஜெபத்தைக் கேலி செய்தவள் நான்.

அவள் போனதும் பிளேடால் சுரண்டினேன். விரலில் ரத்தம் வந்தது. அடியில் செம்பு அப்படியே இருந்தது. உள்ளங்கையை வைத்தேன், கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. பிறகு கடைசி டிரான்சிஸ்டரை எடுத்து வைத்தேன். உங்கள் சுருளை நான் தொடவே இல்லை.

ஐந்து நாளாக ஓடுகிறது. இரண்டு அலைவரிசையும் நிற்கின்றன. கை வைத்தால் காய்ச்சல் இல்லாத உடம்பின் சூடுதான். ஆனால் இது எட்டாம் நாளைத் தாண்டுமா என்று எனக்குத் தெரியாது. கம்பெனிக்குப் போன் செய்தேன். "தீபாவளி லோடு ஏறட்டும் மேடம், பெறகு மாட்டிக்கிடலாம்" என்கிறார் மேனேஜர். என் பிழையால் போனது எட்டு மாதம். பெட்டி என் மேசையில் ஓடுகிறது. உங்கள் தங்கை அங்கே, அது இல்லாத சுவருக்குப் பக்கத்தில், தினமும் போய் உட்காருகிறாள். ஏதாவது நடந்தால் இன்றைக்கும் போர்மேன் ஓடத்தான் வேண்டும். இதை நினைக்காமல் என்னால் ஒரு வாய் சாப்பிட முடியவில்லை.

எட்டாம் நாளுக்கு நான் காத்திருக்கப் போவதில்லை. நாளைக் காலை பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகிறேன். மாட்டும்வரை அந்த கேட்டை விட்டு நகர மாட்டேன். பருத்திச் சேலைதான் கட்டிக்கொள்கிறேன்.

இப்போதெல்லாம் எந்த வாசலிலும் என் கை தானாக உலோகத்தைத் தேடுகிறது; பஸ் கம்பி, வீட்டு கிரில், வங்கிக் கதவு. இன்று உங்கள் கல்லறைக்கு வந்தேன். சபையார் இரும்புக் கேட்டுக்குப் புதிதாகப் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். சாவியால் ஓரத்தில் கொஞ்சம் சுரண்டி, அதில் விரலை வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன்.