இத்தலாருக்கு அடிக்காத மணி

ஜூலை, வெள்ளி இரவு.

அப்பா இன்னும் சாப்பிடவில்லை. அவர் வேலை பார்க்கும், இணைய இணைப்பு தரும் அலுவலகத்தில் லைன்களைக் கண்காணிக்கும் மென்பொருளை நேற்றுதான் புதுப்பித்தார். பழைய அமைப்புகள் ஒன்றும் அழியவில்லை என்று சந்தோஷப்பட்டார். மழைக்காலத்தில் இத்தலார் கிராமத்து லைன் அடிக்கடி விட்டுவிட்டு வரும் என்று, அதன் எச்சரிக்கை மணியை எப்போதோ நிறுத்தி வைத்திருந்தார்களாம். அந்த நிறுத்தமும் புது மென்பொருளுக்கு அப்படியே வந்துவிட்டது.

இன்று காலை மண் சரிந்து அந்த லைன் அறுந்தது. மணி அடிக்காததால் மாலைவரை அலுவலகத்தில் யாருக்கும் தெரியவில்லை. இத்தலாரில் செல்போன் சிக்னல் கிடையாது; அந்த லைன் வழியாகத்தான் போன் பேச முடியும். மதியம் அங்கே மயங்கி விழுந்த, என்னோடு படிக்கும் காவ்யாவின் அம்மாவுக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிட முடியவில்லை. ஜீப்பில் ஊட்டிக்குக் கொண்டுபோனார்கள். இன்னும் கண் திறக்கவில்லை.

“ஏனுங்க, ரெண்டு வாயாவது சாப்பிடுங்க” என்றாள் அம்மா.

“ஆபீஸ்ல பழசு ஒண்ணும் மாறக் கூடாதுன்னாங்க. மாறலை, புள்ள” என்றார் அப்பா.

வகுப்பில் காவ்யா என் பக்கத்தில்தான் உட்காருவாள். என் அப்பாவுக்கு என்ன வேலை என்று அவளுக்குத் தெரியும்.