‘நாங்க’ என்றால் யார் யார்?

டிச. 21, ஞாயிறு. துவாரகா, டெல்லி

மூடுபனி. எதிர் டவர் காணோம். நாளை விமானம் கிளம்பினால் சரி.

பால்காரரிடம் சொல்லியாயிற்று. செடிகளுக்குக் கீழ்வீட்டு ஆன்ட்டி. இடது கையுறை கிடைக்கவில்லை.

செந்தில் பெட்டியில் வைத்தவை, என் கண்ணில் பட்டவரை: பூட்டோடு ரயில் சங்கிலி. காற்றுத் தலையணை இரண்டு. பழைய படுக்கை விரிப்பு. அத்தை கொடுத்த முறுக்கு, இரண்டு டப்பா, ‘ரயிலுக்கு’.

ரோமிலிருந்து ஃபுளோரன்ஸுக்கு ஒன்றரை மணி நேரம்தான் என்றேன்.

"ட்ரெயின்னா ட்ரெயின்தான், நிவி."

டெல்லியில் பிறந்து வளர்ந்தவன். அவனுக்கு ரயில் என்றால் சென்னைக்குப் போகிற இரண்டு ராத்திரி. மாற்ற முடியாது.

மத்தியானம் ஆர்.கே.புரத்தில், மாமா அத்தை வீட்டில் சாப்பாடு. மாமா ஜனவரியோடு ஓய்வு பெறுகிறார். அரசாங்கக் குவார்ட்டர்ஸ், காலி செய்ய வேண்டும். செந்தில் தவழ்ந்த வீடு. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. எல்லோரும் வத்தக்குழம்பைப் பற்றிப் பேசினோம்.

திரும்பும்போது மெட்ரோவில் செ.: "குவார்ட்டர்ஸ் விஷயம் நாங்க பேசி முடிவு பண்ணணும். நீ டென்ஷன் ஆகாத."

நாங்க. அதாவது அவன், அவன் அப்பா, அவன் அம்மா. சரி என்றேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். சுரங்கப் பாதை, பார்க்க ஒன்றுமில்லை.

எங்கள் ஃபிளாட்டில் அறை இரண்டு. ஒன்றில் படுக்கை. இன்னொன்றில் என் புத்தகங்கள், மேஜை, கதவு. கதவையும் எழுதிக்கொள்கிறேன், அது முக்கியம். அவர்கள் வந்தால் எந்த அறை என்று கேட்கவே வேண்டாம். அத்தையை எனக்குப் பிடிக்கும். அதனால் கோபப்படவும் முடியவில்லை, எரிச்சலாக இருக்கிறது.

கல்யாணமாகிப் பதினோரு மாதம். முதல் நீண்ட பயணம். இதை இத்தோடு மூடி வைக்கிறேன்.

டிச. 23, செவ்வாய். ரோம்

வெயில்! நீல வானம், சுத்தமாக. தெருவில் நின்று நாலைந்து தடவை மூச்சை முழுசாக இழுத்தேன். செ.வும் இழுத்தான். எதிரே வந்த ஒரு அம்மாள் என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து நின்றுவிட்டாள்.

விமானம் பனியால் தாமதம். செ. விமான நிலையச் சரக்குப் பிரிவில் இருப்பதால் ஸ்டாஃப் டிக்கெட்: கடைசி வரிசை, கழிப்பறைப் பக்கம். குறை சொல்லக் கூடாது.

மதியம் சின்னச் சாப்பாட்டுக் கடை. செ. பழக்க தோஷத்தில், "பையா, தோடா பானி." வெயிட்டர் தலையாட்டிவிட்டு ஒரு கூடை ரொட்டி கொண்டுவந்தான். செ. சத்தமாக, "பானி! பானி!" இன்னொரு கூடை. மூன்றாம் தடவை வாயைத் திறப்பதற்குள் பக்கத்து மேஜையில் ஒரு சர்தார்ஜி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அரே பாயீ, இவங்க பாஷைல ‘பானே’ன்னா ரொட்டி. தண்ணி வேணும்னா ‘அக்குவா’" என்று ஹிந்தியில். வடக்கே பால் பண்ணையில் வேலையாம். அதுவரை வெயிட்டரின் மீசையைப் பற்றி நாங்கள் பேசியது முழுவதையும் கேட்டிருக்கிறார்.

செ. அங்கேயே சட்டம் போட்டான்: ஊர் திரும்பும்வரை ஹிந்தி கிடையாது, ஆங்கிலமும் கூடாது. தமிழ் மட்டும். "யாருக்கும் புரியாது. ஜல்தி ஜல்தி என்ன வேணா பேசலாம்." "ஜல்தி ஹிந்தி" என்றேன். "இனிமேலேர்ந்து."

வீட்டில் நாங்கள் பேசுவது ஆங்கிலமும் ஹிந்தியும் கலந்த ஒன்று. அவன் தமிழ் பேசுவது ஆர்.கே.புரத்தில்தான், அல்லது ஆர்.கே.புரத்தைப் பற்றி. பத்து நாள் தமிழ்ச் செந்தில். பார்க்கலாம்.

சாப்பிட்டது: மிளகும் பாலாடைக்கட்டியும் மட்டும் போட்ட பாஸ்தா. வேறொன்றும் இல்லை, ஆனால் எல்லாம் இருந்தது. "பொங்கலோட ஒண்ணுவிட்ட தம்பி" என்றான் செ. தமிழ் ஆரம்பமே நன்றாக இருக்கிறது.

டிச. 25, வியாழன். ரோம்

கிறிஸ்துமஸ். கடை எதுவும் இல்லை. மணி ஓசை, ஒன்று முடிய இன்னொன்று. விடுதிக்கார அம்மாள் உலர்திராட்சை போட்ட உயரமான கேக்கில் ஆளுக்கொரு துண்டு வெட்டித் தந்தார். பதிலுக்கு முறுக்கு கொடுத்தோம். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, எப்படிப் பிழிந்திருப்பார்கள் என்று கையால் கேட்டார். செ. கையாலேயே பிழிந்து காட்டினான். அத்தைக்கு போட்டோ போயிற்று.

மதியச் சாப்பாடு: முறுக்கு, ஆரஞ்சு, மறுபடி முறுக்கு. ஆற்றங்கரையில் நடந்தோம். உதிர்ந்த இலைகள், பாசி, ஈரம். செ. கையை என் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு (இடது கையுறை இல்லாத பக்கம்) பழைய ஆபீஸ் கதை ஒன்றை முழுக்கத் தமிழில் சொன்னான். ‘சரக்கு’ என்ற சொல் மறந்து ‘சாமான்’ என்றான். கேட்கவே இனிமை.

அந்த விஷயம் பேசவில்லை. இரண்டு நாளாக நினைக்கவும் இல்லை. இப்போது நினைத்துவிட்டேன்.

டிச. 26, வெள்ளி. ஃபுளோரன்ஸ்

சங்கிலிக் கதை. எழுதாமல் தூங்க மாட்டேன்.

ரயில் கண்ணாடி போல. சத்தமே இல்லை. நான் புத்தகத்தைத் திறந்தேன், தோட்டங்களைப் பார்த்தேன், மூடினேன். செ. பெட்டியைச் சாமான் தட்டின் கம்பியோடு சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தான். எதிர்சீட்டில் சின்ன நாயோடு ஒரு வயதான அம்மாள், அதைக் கவனமாகப் பார்த்தார்.

ஊர் வந்தது. சாவி இல்லை. சாவி நேற்றுப் போட்ட பேன்ட்டில். பேன்ட் பெட்டிக்குள்.

கட்டிய நிலையிலேயே பெட்டியைத் திறந்தோம். சீட்டுகளுக்கு நடுவே நடைவழியில் என் உள்பாவாடை, படுக்கை விரிப்பு, காற்றுத் தலையணை, முறுக்கு டப்பா. நாய்க்கார அம்மாள் "பியானோ, பியானோ" என்றார். இங்கே யாருக்கு பியானோ என்று நினைத்தேன். ‘மெதுவா, மெதுவா’ என்று அர்த்தமாம், பிறகு தெரிந்தது. சாவி கிடைத்தபோது மூன்று பேர் கைதட்டினார்கள். நாய் ஒரு முறுக்கோடு போயிற்று.

பிளாட்ஃபாரத்தில் பெட்டிமேல் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். "வீட்ல சொல்லாத" என்றான்.

சாப்பாடு: பழைய ரொட்டியைப் பீன்ஸ், கீரையோடு கொதிக்கவைத்த கெட்டி சூப். குழைந்த கூட்டு மாதிரி. இரண்டு கிண்ணம்.

டிச. 28, ஞாயிறு. பொலோஞா

மழை. இங்கே நனையவே முடியாது, நடைபாதைக்கெல்லாம் வளைவு வளைவாகக் கூரை.

உணவகத்தில் செ. மெனுவைப் பிரித்தான். "நாங்க என்ன சாப்பிடலாம்?"

"நீங்கன்னா யாரு? நான் வெளிய நிக்கவா?"

புரியாமல் பார்த்தான். "இல்ல, நாங்க. ரெண்டு பேரும். நீயும் நானும்." மெனுவால் என்னையும் தன்னையும் காட்டினான்.

பிறகு காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ‘எங்க ஹோட்டலுக்குப் போலாமா.’ ‘நாங்க எத்தன மணிக்குக் கெளம்பணும்.’ ‘எங்க குடை எங்க.’ (இந்தக் கடைசிக்குச் சிரித்துவிட்டேன்.) இவனிடம் ‘நாம’ என்ற சொல்லே இல்லை! எல்லாம் நாங்கதான். ஹிந்தியில் ஒரே ‘ஹம்’. கேட்கிற ஆளைச் சேர்த்தாலும் ஹம், விட்டாலும் ஹம். அதைத் தமிழாக்கி வைத்திருக்கிறான். அவன் அப்பா அம்மாவிடம் பேசும்போது ஒருவேளை பொருந்திப் போயிருக்கும், யாரும் திருத்தியிருக்க மாட்டார்கள்.

அப்படியானால் மெட்ரோவில் சொன்னது?

ஒரு வாரம் அந்த ஒரு சொல்லோடு சண்டை போட்டிருக்கிறேன். இத்தனை படித்து என்ன. ஆனால் நான் நினைத்ததுபோலவும் இருக்கலாம். கேட்டால்தான் தெரியும். கேட்கவில்லை. குழம்பில் மிதக்கிற குட்டிக் கொழுக்கட்டை மாதிரி ஒன்று வந்தது, உள்ளே பாலாடைக்கட்டி. அதைச் சாப்பிட்டேன்.

டிச. 29, திங்கள். வெனிஸ் போகும் ரயில், பிறகு வெனிஸ்

பாசஞ்சர் ரயில். வெளியே மூடுபனி, டெல்லி போலவே, புகை நாற்றம் மட்டும் இல்லை. சங்கிலி பெட்டிக்குள்ளேயே இருக்கிறது.

கேட்டுவிட்டேன்.

"குவார்ட்டர்ஸ் பத்தி நாங்க முடிவு பண்ணணும்னு சொன்னியே. அது யாரு யாரு?"

"நீயும் நானும். வேற யாரு?"

"அதுக்கு நாம."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

பனி படிந்த ஜன்னலில் வட்டம் வரைந்தேன். உள்ளே இரண்டு புள்ளி: நீ, நான். இது நாம. இன்னொரு வட்டம், உள்ளே நீ, அப்பா, அம்மா. நான் வட்டத்துக்கு வெளியே. இது நீ என்கிட்ட சொல்ற நாங்க.

வட்டத்துக்கு வெளியே இருந்த இடத்தை விரலால் தொட்டான்.

"அப்போ கல்யாணத்துலேர்ந்து உன்ன வெளியவே நிக்க வெச்சிருக்கேனா?"

"குளிர்ல."

"அரே யார்! சொல்ல மாட்டியா?" ஹிந்தி என்று திருத்தவில்லை. முகம் அப்படி இருந்தது.

பிறகு கேட்டான்: "சரி. நாம என்ன பண்ணலாம்?" கவனமாக, புதுச் செருப்பில் நடக்கிற மாதிரி, அந்தச் சொல்லை வைத்தான்.

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். கேட்காதவரை கோபம் ஒன்றே போதுமாக இருந்தது. கேட்டபின் பதில் வேண்டும். ‘எனக்குச் சம்மதம்’ என்று நல்ல மருமகளாகச் சொல்ல வாயெடுத்தேன். அடக்கினேன்.

"எனக்கு அந்த ரூம் வேணும். கதவோட."

"தெரியும்."

"தெரியுமா?"

"நீ உள்ள இருக்கும்போது நான் டிவி சத்தத்தக் கொறைக்கறேனே. எதுக்குன்னு நெனச்ச?"

நான் கவனித்ததே இல்லை. இதையும் எழுதி வைக்கிறேன்.

அப்போது பனி விலகி இரண்டு பக்கமும் தண்ணீர். ரயில் கடல்மேல் போயிற்று. செ. எழுந்தே நின்றுவிட்டான். பெட்டியில் ஒருவருக்கும் இது பெரிதில்லை. ஒரு பெண் போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள்.

டிச. 30, செவ்வாய். வெனிஸ்

குளிர். சூரியன் வெளுத்த தட்டு மாதிரி. தொலைந்தோம், மூன்று தடவை, மூன்றும் நல்ல இடத்தில். கரண்டி நிற்கும் அளவு கெட்டியாகக் குடிக்கிற சாக்லேட். மேல் உதட்டில் மீசையோடு செ.வை ஒரு போட்டோ.

மதியம் வாய்க்கால் ஓரச் சாப்பாட்டில் முடிவு: நம் அடுக்குமாடிச் சொசைட்டியிலேயே, லிஃப்ட் உள்ள டவரில், அவர்களுக்குத் தனியாக ஒரு வாடகை ஃபிளாட். கூப்பிடு தூரம். இரண்டு அடுப்பு. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. கணவாய் மீனுக்கு எலுமிச்சை பிழிந்துகொண்டு கைகுலுக்கிக்கொண்டோம்.

உடனே போன். டெல்லியில் விளக்கு வைக்கும் நேரம். செ. ஸ்பீக்கரைப் போட்டான், பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம், "நாமவா, நாங்கவா?"

"அத்தைகிட்ட சொல்லும்போது நாங்க."

"அம்மா, குவார்ட்டர்ஸ் விஷயம் நாங்க முடிவு பண்ணிட்டோம்."

இலக்கணம் சுத்தம்.

பிறகு அத்தை: "அப்பிடியா? நாங்க எங்க இருக்கணும்னு நீங்க முடிவு பண்ணிட்டீங்களா? ரொம்ப நல்லது." பின்னால் மாமா, "என்னவாம்?" "நமக்கு எடம் பாத்து வெச்சிருக்காங்களாம், நம்மளக் கேக்காமயே."

செ. என்னைப் பார்த்தான். நான் தட்டைப் பார்த்தேன். ஒன்பது நாள் நான் நின்ற இடத்தில் இப்போது அவர்கள் இருவரும்.

போனை வாங்கினேன். "அத்தை, நிவி பேசறேன். எதுவும் முடிவாகல. நாங்க ஒண்ணு யோசிச்சோம், அவ்வளவுதான். வந்ததும் நாம நாலு பேரும் உக்காந்து பேசி முடிவு பண்ணலாம். ஒண்ணே ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன். எனக்கு அந்தப் புத்தக ரூம் வேணும்."

வெயிட்டர் வந்து தட்டை எடுக்கலாமா என்று சைகையில் கேட்டான். ஏன் தலையாட்டினேனோ, பாதி மீனோடு போய்விட்டது.

"அந்த ரூமா? அந்தத் தூசியில யாரு படுப்பா? மாமாவுக்கு ஒரு நாள்ல மூச்சு வாங்கும். என்கிட்ட கேட்டா மலை மந்திர் முருகன் கோயில் பக்கமாத்தான் வீடு பாக்கச் சொல்லுவேன். யாராச்சும் கேட்டாத்தானே."

"கேக்கறேன் அத்தை. வந்து கேக்கறேன்."

"கேளு. அதுக்கு முன்னாடி அவன்கிட்ட குடு. உள்பாவாடைய ரயில்ல போட்டீங்களாமே, என்ன அது?"

நான் சொல்லவில்லை. செ. மேஜைக்கு அடியில் குனிந்துவிட்டான்.