உள்ளே ஒன்றுமில்லாத வாயுமானி

அனுப்புநர்:
கைபேசி பழுதுபார்க்கும் கடைக்காரி
(சாயப்பட்டறைத் தொழிலாளியின் அக்கா),
பேருந்து நிலையத்துக்கு எதிர்ச்சந்து.

பெறுநர்:
உயர்திரு தொழிற்சாலைப் பாதுகாப்பு ஆய்வாளர் அவர்கள்.

பொருள்: கழிவுத் தொட்டியில் இறங்குவோருக்குப் போலி வாயுமானி வழங்கியது குறித்தும், நாளைய வேலையை நிறுத்தக் கோரியும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் தம்பி சாயப்பட்டறையில் கழிவுத் தொட்டி கழுவுகிறவன். விஷவாயு இருந்தால் சிவப்பு எரிந்து அலறும் என்று சொல்லி, தீப்பெட்டி அளவில் ஒரு வாயுமானியை ஆளுக்கொன்று சட்டைப்பையில் மாட்டிவிட்டிருக்கிறார்கள். நான் பயந்தால், "பச்சை எரியுதுல்லக்கா, நீ ஏன் சும்மா பதறுற?" என்று சிரிப்பான்.

2. கடந்த திங்கள் காலை இரண்டாம் தொட்டியில் இறங்கியவன் மூன்றாவது நிமிடத்தில் சுருண்டு விழுந்தான். கயிறு கட்டித் தூக்கினார்கள். புதன்கிழமைதான் கண் திறந்தான். தன் ஐந்து வயது மகளைப் பார்த்து, "இந்தப் பாப்பா யாரு?" என்று கேட்டான். குழந்தை என் பின்னால் ஒளிந்துகொண்டது.

3. வாயுமானியில் பச்சையே எரிந்ததால் தொட்டியில் வாயு இல்லை, சாப்பிடாமல் வந்து மயங்கினார் என்று நிர்வாகம் எழுதித் தந்திருக்கிறது. அன்று அவனுக்குச் சோறு போட்டவள் நான். இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

4. மருத்துவமனையில் அவன் துணிகளோடு அந்த வாயுமானியையும் கொடுத்தார்கள். கடைசியாக என்ன அளந்தது என்று பார்க்கலாமென்று கடை மேசையில் வைத்துப் பிரித்தேன். பதினோரு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன் ஐயா, இப்படியொன்றைக் கண்டதில்லை. வாயுவை உணரும் பாகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ரப்பர் துண்டு. பச்சை விளக்கை நேராக பேட்டரியில் சேர்த்திருந்தார்கள். சிவப்பு விளக்குக்கும் அலாரத்துக்கும் கம்பியே இல்லை. யாரோ உட்கார்ந்து, பொறுமையாக, சுத்தமாகப் பற்றவைத்திருக்கிறார்கள்.

5. இது ஒன்றுதான் பழுதோ என்று, அவனோடு வேலை செய்யும் நால்வரின் கருவிகளையும் வாங்கிப் பிரித்தேன். நான்கும் அப்படியே. ஆனால் அன்று தொட்டி வாயில் குனிந்து பார்த்த மேலாளரின் இடுப்பில் இருந்த வாயுமானி அலறியதாம். அதை அணைத்துவிட்டு விலகி நின்றாராம். நால்வரும் கண்ணால் கண்டதை எழுதிக் கையெழுத்திட்டுத் தந்திருக்கிறார்கள்.

6. நாளை காலை எட்டு மணிக்கு மூன்றாம் தொட்டியில் ஆறு பேர் இறங்க வேண்டுமாம். போகாதீர்கள் என்று கெஞ்சினேன். "இறங்கலேன்னா வேலை போயிடும்கா" என்கிறார்கள்.

ஆகவே, தங்கள் அலுவலகத்தின் வாயுமானியை எடுத்துக்கொண்டு தாங்களே நேரில் வந்து தொட்டியைச் சோதிக்கக் கேட்டுக்கொள்கிறேன். பிரித்த ஐந்தையும் இத்துடன் ஒப்படைக்கிறேன். கோப்பு திறப்பதும் விளக்கம் கேட்பதும் திங்களன்று நடக்கட்டும். எட்டு மணிக்கு முன்னால் வந்துவிடுங்கள் ஐயா.

நாள்: வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி
இடம்: தங்கள் அலுவலக வாசல்

தங்கள் பதிலுக்காக இங்கேயே காத்திருக்கும்,
(ஒப்பம்)
தொழிலாளியின் அக்கா