என்னை அன்றே அடக்கம் செய்ய விடக் கூடாது என வேண்டும் மனு

அனுப்புநர்:
யூனிஸ் தனசிங் (வயது 72),
ஓய்வுபெற்ற செவிலியர்,
ஆலயத்துக்கு மேல்புறம், கோத்தகிரி.

பெறுநர்:
வருவாய்க் கோட்டாட்சியர் அவர்கள்,
குன்னூர்.

பொருள்: என் அடக்கத்துக்கு நானே எழுதி வைத்த ஏற்பாட்டை நிறுத்தக் கோரியும், என் உயிருக்குப் பாதுகாப்புக் கோரியும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் தேயிலைத் தோட்ட மருத்துவமனையில் முப்பத்தொரு ஆண்டுகள் பணியாற்றியவள். பிள்ளைகள் இல்லை. 1978 நவம்பரில் என் கணவர் காலமானபோது மலைப்பாதையில் மண் சரிந்து, திருநெல்வேலி உறவினர்கள் வந்து சேர மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளும் அவர் உடலோடு நான் பட்ட பாட்டை இங்கே எழுத விருப்பமில்லை. என் விஷயத்தில் அப்படி நேரக் கூடாது என்று அப்போதே முடிவு செய்தேன்.

2. அதன்படி அவர் கல்லறைக்குப் பக்கத்தில் எனக்கும் செங்கல்லால் குழி கட்டி, பலகைக்கல் போட்டு மூடி வைத்திருக்கிறேன். பாட வேண்டிய பாட்டுகள், வாசிக்க வேண்டிய வேதபகுதி, உடுத்த வேண்டிய சேலை அனைத்தையும் எழுதி, உறையிலிட்டுக் குருவானவரிடம் ஒப்படைத்தேன். யாருக்காகவும் காத்திராமல், டாக்டரை அழைக்கவென்று தாமதிக்காமல், உயிர் பிரிந்த அன்றே நான்கு மணிக்குள் பெட்டியை மூடி அடக்கிவிட வேண்டும் என்றும் அதில் எழுதியுள்ளேன். சபைக் கமிட்டியார் இருவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

3. என் வீட்டை, என்னோடு தங்கியிருக்கும் அண்ணன் மகன் கிப்சனுக்கு உயில் எழுதியிருந்தேன். இருபத்திரண்டு ஆண்டுகளாக எனக்குத் துணையிருந்த மருதாம்பாளுக்கு அதை மாற்றி எழுதப் போவதாகச் சென்ற மாதம் அவனிடம் சொன்னேன். இம்மாதம் 24-ஆம் தேதி பதிவு. அவன் கோபப்படவில்லை. அன்று முதல் மிகவும் அன்பாக நடந்துகொள்கிறான்.

4. மறுவாரமே, நான் சொன்னதாகச் சொல்லி மருதாம்பாளைக் கிளென்மார்கனில் உள்ள அவள் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டான். வாசல் சாவி இப்போது அவனிடம். குளிர் ஆகாது என்று என்னை ஆலயத்துக்கும் விடுவதில்லை. நலம் விசாரிக்க வந்த குருவானவர், “ஒரு பாட்டு சேர்க்க வேண்டும் என்று கிப்சனை அனுப்பி உறையை வாங்கிக்கொண்டீர்களே” என்றார். நான் அவனை அனுப்பவில்லை.

5. என் இரத்த அழுத்த மாத்திரையை அவனே எடுத்துத் தருகிறான். பத்து நாட்களாக வருவது வேறு மாத்திரை. அதே வெள்ளை, ஆனால் நடுவில் கோடு இல்லை. காலமெல்லாம் மாத்திரை கொடுத்தே பிழைத்தவளிடம் இந்த வேலை செல்லாது என்று அவனுக்குத் தோன்றவில்லை. முதலிரண்டு நாள் விழுங்கித் தலைசுற்றி விழுந்தேன். இப்போது கன்னத்தில் ஒதுக்கி வைத்துத் துப்பிவிடுகிறேன்.

6. கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டும் லிங்கசாமி நேற்று விறகு கொண்டுவந்தபோது ஜன்னலருகே நின்று சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “ஏனுங்கம்மா, உங்க குழிக் கல்லை நகத்தித் தண்ணிய எறைச்சு வெக்கோணும்னு கிப்சன் தம்பி சொன்னாருங்க. புதன்கிழமைக்குள்ள ஆகோணுமாமுங்க. நீங்க நல்லாத்தானுங்களே இருக்கறீங்க?” புதன்கிழமை 23-ஆம் தேதி.

ஐயா, சாவுக்கு அஞ்சியிருந்தால் எனக்கு நானே குழி கட்டியிருக்க மாட்டேன். ஆனால் இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது. நான் எழுதிய காகிதமே அவனுக்கு வழி செய்து கொடுக்கிறது. யாரும் சந்தேகப்படும் முன் பெட்டி மூடப்படும். எல்லாம் என் விருப்பப்படி நடந்தது என்று சபையாரும் அழுது பாடிவிட்டுப் போவார்கள்.

ஆகவே, அந்த உறையில் உள்ளதை இம்மனுவால் ரத்து செய்கிறேன். 24-ஆம் தேதிக்கு முன் நான் இறந்ததாகத் தகவல் வந்தால், அடக்கத்தை நிறுத்திப் பிரேதப் பரிசோதனைக்கு உத்தரவிட வேண்டுகிறேன். அதற்கு முன்பே விசாரிக்க ஒருவரை அனுப்பி வைத்தால் பிழைத்துக்கொள்வேன். வரும் அலுவலரிடம், அம்மா நன்றாகத் தூங்குகிறார், எழுப்ப வேண்டாம் என்று சொல்லப்படும். என்னை நேரில் பார்த்து, என் வாயால் ஒரு வார்த்தை கேட்காமல் அவர் திரும்பிவிடக் கூடாது என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

இணைப்பு: மாத்திரைகள் மூன்று.
கொண்டு வருபவர்: லிங்கசாமி.

இடம்: கோத்தகிரி
நாள்: 18.10.1991

உயிரோடும் சுயநினைவோடும் கையொப்பமிடும்,
யூனிஸ் தனசிங்