அக்கா, நீங்கள் பட்டென்று வைத்த போன்

அக்கா,

இன்று காலை என் செல்போனில் பேங்க் செயலி திறக்கவே மாட்டேன் என்றது. செயலி எழுதும் வேலையில் இருக்கும் மகளிடம் கத்தினேன். "அப்பா, மறுபக்கம் இருக்கறது நெஜமான பேங்க் சர்வர்தானான்னு அது மொதல்ல பாக்கும். சந்தேகம்னா தொடர்பையே வெட்டிரும்" என்றாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அட, இதைத்தானே எங்கள் சேலம் குடோன் அக்கா அந்தக் காலத்திலேயே செய்தார்!

அப்போது நான் ஏற்காட்டு எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். மேலிருந்து காப்பி மூட்டைகளை அனுப்புவது நான், கீழே குடோனில் வாங்கி லாரி ஏற்றுவது நீங்கள். எவனோ ஒருத்தன் மேனேஜர் மாதிரி போனில் பேசி இரண்டு மூட்டை மிளகை அள்ளிக்கொண்டு போனதிலிருந்து, குரலை நம்புவதையே விட்டுவிட்டீர்கள். நான் பேசினாலும் முதலில் ஒரு கேள்வி, நம் இருவருக்கு மட்டும் தெரிந்ததாக. ஒருமுறை கேட்டதை மறுமுறை கேட்கமாட்டீர்கள். "லைன்ல எத்தன காது இருக்குதோ சாமி" என்பீர்கள்.

அந்த மழைநாள் மறக்குமா? சரியாகக் காயாத காப்பியையும் காய்ந்ததோடு சேர்த்து அனுப்பித் தொலைத்தேன். லாரி கிளம்பிவிட்டால் போய்ச் சேர்வதற்குள் அத்தனையும் பூசணம் பிடித்துவிடும். அதோடு என் வேலையும் போச்சு. எஸ்டேட் போன் செத்துக் கிடந்தது. பஸ் பிடித்து அடிவாரத்தில் இறங்கி, ஒரு டீக்கடை போனில் கூப்பிட்டேன்.

"அக்கா, லாரிய நிறுத்துங்க!"

"ஏனுங்க, யாருங்க நீங்க? போன ஞாயித்துக்கெழம எங்கூட்ல தின்ன ஊறுகா எப்படி இருந்துச்சு?"

காரியம் ஆகவேண்டுமே! "நொம்ப நல்லா இருந்துச்சுங்க்கா" என்று குழைந்தேன். டொக். வைத்துவிட்டீர்கள், பாவி மகராசி!

மறுபடி டயலைச் சுழற்றினேன். "ஒரே உப்பு! வாயில வெக்க முடியலீங்க! உங்க மூஞ்சிக்கு நேராவே சொன்னனே!"

"அப்படிச் சொல்லு கண்ணு. இரு, லாரியப் புடிக்கறேன்."

பிடித்துவிட்டீர்கள். ஈர மூட்டைகளைத் தனியே இறக்கிவைத்து, மேனேஜர் காதுக்கு எட்டாமலும் பார்த்துக்கொண்டீர்கள். ஓய்வு பெறும்வரை அதே வேலையில்தான் இருந்தேன்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, "நான் எப்படி இருக்கறேன், சொல்லு" என்றீர்கள். "நல்லா இல்லீங்க்கா" என்றேன். சுற்றி நின்றவர்கள் என்னை முறைத்தார்கள். நீங்கள் மட்டும் சிரித்தீர்கள். "எல்லாரும் தேறிட்டே, தேறிட்டேன்னே சொல்றாங்க சாமி. நீ ஒருத்தன்தான் எங்கூடப் பேசறே" என்றீர்கள்.

இன்றும் யார் எதைக் கேட்டாலும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் திட்டு வாங்காத நாளில்லை. ஆனால் அக்கா, அன்று ஆஸ்பத்திரியில் உங்களிடம் ஒரேயொரு பொய் சொல்லிவிட மனசு என்ன பாடுபட்டது தெரியுமா?